மேய்ச்சலுக்குக் கொறங்காடு குத்தகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம், அந்தப் பக்கம் க.பரமத்தி, அரவக்குறிச்சி என்று வானம் பார்த்த பூமியில் மாடு ஆடு வைத்திருப்பவர்களுக்காக எழுதியது இது. எங்கள் வீட்டில் சில வருடம் காட்டை (எங்கள் பக்கம் காடு என்றால் வனம் இல்லை, மானாவாரி நிலம்) குத்தகைக்கு விட்டிருக்கிறோம், சில வருடம் அடுத்தவர் காட்டைப் பிடித்து மேய்த்திருக்கிறோம், அதனால் இரண்டு பக்கத்துச் சண்டையும் தெரியும். வெளியூரில் வேலையை விட்டுவிட்டு வந்து மாடு வாங்கப் போகிறேன் என்கிறவர்கள் போனில் திரும்பத் திரும்பக் கேட்பதைத்தான் கீழே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் முதல் கேள்வி வாடகையைப் பற்றியதாக இருக்கும், நான் அதை நாலாவதாகத் தள்ளியிருக்கிறேன்.

கொறங்காடு என்றால் என்ன? சும்மா கிடக்கும் தரிசுதானே?

தரிசு இல்லை. தரிசு என்று நினைத்துக் குத்தகை பேசப் போனால் காட்டுக்காரர் உங்களை எடைபோட்டு விடுவார். சரளை மண், வருடத்துக்கு 600 மில்லிமீட்டரைச் சுற்றித்தான் மழை, அதிலும் பாதிக்கு மேல் ஐப்பசி கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். இந்த மண்ணில் வெள்ளாமையை நம்புவதைவிட மேய்ச்சலை நம்பலாம் என்று முன்னோர் கட்டி வைத்த அமைப்பு இது. கீழே கொழுக்கட்டைப் புல், மேலே அங்கங்கே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை முள் வேலி. இந்த மூன்றும் இருந்தால்தான் கொறங்காடு. வேலி இருப்பதால் மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் போதும், மேய்க்க ஆள் வேண்டியதில்லை, இராத்திரியும் அதுபாட்டுக்குக் கிடக்கும். காங்கேயம் மாடு வளர்ந்ததே இந்தக் காடுகளில்தான்.

நிறையக் காடுகள் இப்போது காற்றாலைக்கும் சூரிய மின் தகட்டுக்கும் போய்விட்டன, மிச்சம் இருப்பதில் பாதி திருப்பூரிலோ கோவையிலோ குடியிருப்பவர்களுடையது. குத்தகைக்குக் காடு கிடைப்பதே அதனால்தான்.

காட்டைப் பார்க்கப் போகிறேன். முதலில் எதைப் பார்ப்பது?

வேலியை. புல்லைப் பார்க்காதீர்கள், மழை பெய்தால் புல் வந்துவிடும். கிளுவை வேலி வருவதற்கு வருடக்கணக்காகும்.

இதை எழுதும்போதே எனக்கு ஒரு முருங்கைத் தோட்டம் ஞாபகம் வருகிறது. நாங்கள் முதன்முதலில் எடுத்த ஆறு ஏக்கர் காட்டில் புல் முழங்கால் அளவு நின்றது, அதைப் பார்த்த சந்தோஷத்தில் வேலியைச் சுற்றி நடக்கவே இல்லை. தெற்குப் பக்கம் கிளுவை பட்டுப்போய் யாரோ நாலு சீமைக்கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைத்திருந்தார்கள், தூரத்தில் இருந்து பார்த்தால் அதுவும் வேலி மாதிரியே பச்சையாகத் தெரிந்தது. பத்து நாளில் இலை உதிர்ந்து முள் சாய்ந்துவிட்டது. பதினோராவது நாள் விடியற்காலை மூன்று மாடும் பக்கத்துத் தோட்டத்தில், பிஞ்சு விட்டிருந்த முருங்கையை ஆள் உயரம் வரைக்கும் உருவி வைத்திருந்தன. தோட்டக்காரர் கத்தவெல்லாம் இல்லை. “மாட்டை ஓட்டிக்கிட்டுப் போயிட்டுப் பெரியவங்க யாரையாச்சும் கூட்டிக்கிட்டு வாங்க தம்பி” என்றார், அதுதான் இன்னும் சங்கடமாகப் போய்விட்டது. அந்த வருடம் கொடுத்த நட்டஈடு குத்தகைப் பணத்தில் பாதியைத் தாண்டியது.

ஆகவே இட்டேரியில் (வேலிகளுக்கு நடுவே போகும் பாதை) ஒரு சுற்று, காட்டுக்குள் ஒரு சுற்று என்று இரண்டு தடவை நடந்து பாருங்கள். வேலியில் எங்கெல்லாம் வெளிச்சம் தெரிகிறதோ அங்கெல்லாம் ஆடு நுழையும், ஆடு நுழைந்த இடத்தில் ஒரு மாதத்தில் கன்று நுழையும். படல் எப்படி இருக்கிறது, கட்டுவதற்குக் கல்லுக்கால் ஆடாமல் நிற்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள். உள்ளே கைப்பிடிச்சுவர் இல்லாத பழைய கிணறு இருந்தால் அதைச் சுற்றி முள் அடைக்காமல் மாட்டை விடாதீர்கள்.

வேலி அடைக்கிற செலவு யாருடையது என்பதை அன்றைக்கே பேசிவிட வேண்டும். குத்தகை ஆரம்பிக்கும்போது இருக்கிற ஓட்டையைக் காட்டுக்காரரும், நடுவில் விழுகிற ஓட்டையைக் குத்தகைக்காரரும் அடைப்பது என்றால் சண்டை வராது.

எத்தனை உருப்படி விடலாம்?

என்னைக் கேட்டால் ஒப்பந்தத்தில் முதல் வரியாக எழுத வேண்டியது இந்த எண்ணைத்தான். தொகையில் ஐந்நூறு ஆயிரம் முன்னே பின்னே போனாலும் யாரும் கெட்டுப்போக மாட்டார்கள், எண்ணிக்கையில் தவறினால் காடே போய்விடும்.

ஏக்கருக்கு இத்தனை என்று ஒரே எண்ணைச் சொல்பவரை நம்பாதீர்கள், ஒரே ஊரில் இட்டேரிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புல் வேறுபடும். நீங்களே அளக்கலாம். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரமாக நாலு குச்சி நட்டு, அதற்குள் இருக்கும் புல்லைத் தரையிலிருந்து நாலு விரல் விட்டு அறுத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து எடை போடுங்கள். நல்ல இடம் ஒன்று, மோசமான இடம் ஒன்று, நடுத்தரமாக இரண்டு மூன்று இடம் என்று எடுத்துச் சராசரி பாருங்கள். அது 100 கிராம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர், அப்படியானால் ஏக்கருக்குச் சுமார் 400 கிலோ காய்ந்த புல் நிற்கிறது. அதில் பாதியைக் காட்டிலேயே விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் தூர் செத்துவிடும். மிச்சம் 200 கிலோ. முன்னூறு கிலோ எடையுள்ள காங்கேயம் பசு ஒரு நாளைக்கு எட்டு கிலோ காய்ந்த தீவனம் அளவுக்குத் தின்னும். ஆக ஒரு ஏக்கர் ஒரு மாட்டுக்கு 25 நாள். எட்டு ஏக்கர் காடு என்றால் ஒரு மாட்டுக்கு 200 நாள், நாலு மாட்டுக்கு 50 நாள்தான்.

50 நாள்தானா என்று முகம் சுருங்க வேண்டாம், இது அன்றைக்கு நிற்கிற புல்லுக்கான கணக்கு மட்டும். மழை விழுந்தால் மறுபடி துளிர்க்கும், அப்போது மறுபடி அளக்கலாம். ஆனால் மாசி முதல் ஆனி வரைக்கும் கோடை மழை ஒன்றிரண்டைத் தவிர வேறு எதையும் கணக்கில் எடுக்காதீர்கள். பங்குனியில் உங்கள் மாடுகளுக்கு என்ன வழி என்று தெரிந்த பிறகுதான் ஐப்பசியில் எத்தனை மாடு விடலாம் என்று முடிவு செய்ய வேண்டும். நிறையப் பேர் கார்த்திகைப் பச்சையைப் பார்த்துக் கூடுதலாக நாலு உருப்படி வாங்கிவிட்டு, பங்குனியில் சோளத்தட்டுக்கு ஆலாய்ப் பறந்து, சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போகிறார்கள்.

ஆடும் சேர்த்து விடுவதாக இருந்தால் ஐந்து அல்லது ஆறு செம்மறியை ஒரு மாடாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஆடு மாட்டை விட ஒட்டக் கடிக்கும், அதனால் மாடு மேய்ந்து முடித்த காட்டில் ஆட்டை விட்டால் எத்தனை நாள் கழித்து வெளியே ஓட்டுவது என்பதில் கறாராக இருங்கள்.

சரி, வாடகை எவ்வளவு?

ஊருக்கு ஊர், வருடத்துக்கு வருடம் மாறுவதால் எண் சொல்ல மாட்டேன். எப்படிப் பேசுவது என்று சொல்கிறேன். காட்டை மொத்தமாக வருடத்துக்கு இவ்வளவு என்று பேசுவது ஒன்று, ஏக்கர் கணக்கில் பேசுவது ஒன்று, மாதத்துக்கு உருப்படி ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசுவது இன்னொன்று.

மொத்தமாகப் பேசினால் காட்டுக்காரருக்குத் தொல்லை இல்லை. ஆனால் பணம் கட்டியாகிவிட்டதே என்று குத்தகைக்காரர் தலைக்கு மேல் மாட்டை ஏற்றுவார், கடைசி மாதத்தில் காட்டை வழித்து நக்கிவிட்டுத்தான் போவார். உருப்படிக் கணக்கில் பேசினால் புல் குறையும்போது மாட்டைக் குறைக்க இரண்டு பேருக்குமே மனசு வரும், ஆனால் காட்டுக்காரர் உள்ளூரில் இருந்து எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் வெளியூர் என்றால் எனக்குப் பிடித்தது இது: மொத்தத் தொகை பேசி, அதிகபட்ச உருப்படியையும் எழுதி, பாதிப் பணம் ஆரம்பத்தில், மீதி ஐப்பசி மழை விழுந்து புல் நின்ற பிறகு. மழை பொய்த்துவிட்டால் மீதியில் எவ்வளவு தள்ளுபடி என்பதையும் முதலிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். வறட்சி வந்த பிறகு பேசினால் அது பேச்சாக இருக்காது.

உங்களுக்குக் கட்டுமா என்று பார்க்க ஒரே ஒப்பீடு போதும். அந்தக் காட்டுப் புல் எத்தனை நாள் வருகிறதோ அத்தனை நாளைக்கு அதே மாடுகளுக்குச் சோளத்தட்டு வாங்கிப் போட்டால் என்ன ஆகும்? குத்தகையும் வேலிச் செலவும் தண்ணீர்ச் செலவும் சேர்ந்து அதைவிடக் கணிசமாகக் குறைவாக இல்லையென்றால் வேறு காடு பாருங்கள்.

எழுத்து வேண்டுமா? எங்கள் ஊரில் எல்லாம் வாய்ப்பேச்சுதான்.

எங்கள் ஊரிலும் வாய்ப்பேச்சுதான். காட்டுக்காரர் உயிரோடு இருக்கும் வரை அது சரி. அவர் போய்ச் சேர்ந்து பெங்களூரில் இருக்கும் பையன் வந்து “நீங்க யாருங்க?” என்று கேட்கும்போது வாய்ப்பேச்சை எங்கே காட்டுவீர்கள்?

எழுதும்போது ஒரு விஷயம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை, வருடாவருடம் தொடரும் குத்தகை, ஆண்டு வாடகை என்று தொகை நிர்ணயித்த குத்தகை எல்லாவற்றையும் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும், பதியாத பத்திரம் நீதிமன்றத்தில் உங்களுக்குத் தோள் கொடுக்காது. எல்லோரும் 11 மாதம் என்று எழுதுவது இதனால்தான்.

காட்டுக்காரர்கள் எழுத்துக்குப் பயப்படுவதற்கும் காரணம் இருக்கிறது. 1955-இல் வந்த குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தை வைத்து, உழுது பயிர் செய்தவர் நிலத்தை விட்டுப் போகவில்லை என்ற கதை ஊருக்கு ஒன்று உண்டு. நீங்கள் எடுப்பது நிலத்தை அல்ல, புல்லை என்பதை அவருக்குப் புரியவைத்தால் பாதிப் பயம் போகும். சட்டத்திலும் புல்லுக்குத் தனி இடம் உண்டு: 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் வெட்டுமரம், வளரும் பயிர், புல் இவற்றை அசையாச் சொத்தில் சேர்க்கவில்லை. அதனால் “மேய்ச்சலுக்கு மட்டும், உழவு கிடையாது, கட்டடம் கிடையாது, மரத்தில் உரிமை கிடையாது” என்று ஒரு வரி எழுதுங்கள். உங்களுக்கு அதில் நட்டம் ஒன்றும் இல்லை, அவர் தூங்குவார். பெரிய காடு, பெரிய தொகை என்றால் இந்தப் பக்கத்தை மட்டும் நம்பாமல் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

நிலம் அவருடையதுதானா என்று எப்படித் தெரியும்?

பட்டா சிட்டாவை இணையத்திலேயே பார்க்கலாம். கூட்டுப் பட்டாவாக இருந்தால் பெயர் இருக்கும் அத்தனை பேர் கையெழுத்தும் வேண்டும். அண்ணன் குத்தகைக்கு விட்டு, தம்பி வந்து படலைப் பூட்டிய காட்டை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே ஏழு மாடு.

மேய்க்கால் புறம்போக்கை யாராவது குத்தகைக்கு விட்டால் எடுக்கலாமா?

கூடாது. அது அரசு நிலம், ஊர் மாட்டுக்கெல்லாம் பொது. “நான் பார்த்துக்கிறேன், எனக்கு வருஷம் இவ்வளவு குடுத்துடு” என்று யார் சொன்னாலும், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், அவருக்கு விடுகிற உரிமை இல்லை. ஊர்ப் பொது நிலங்களில் இருக்கும் ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. கோயில் நிலமாக இருந்தால் அறநிலையத்துறை பொது ஏலத்தில் விடும், அதில் எடுங்கள். வன இலாகா நிலம் தனிக் கதை. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் வனங்களில் மேய்ச்சலுக்கே தடை போட்டு, பிறகு அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்று சுருக்கியது. நம் பக்கம் அதற்கு வேலை இல்லை, ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலைக்காரர்களுக்குத்தான் அது வயிற்றுப்பாடு.

தண்ணீர்?

கோடையில் ஒரு மாட்டுக்கு நாளைக்கு 40 லிட்டர் கணக்கு வையுங்கள், வெயில் கடுமையாக இருந்தால் இன்னும் குடிக்கும். ஐந்து மாட்டுக்கு 200 லிட்டர். காட்டில் கிணறு இருக்கிறது என்பது பதில் இல்லை, பங்குனியில் அதில் தண்ணீர் இருக்குமா, மோட்டார் யாருடையது, தொட்டி கசிகிறதா என்பவைதான் கேள்வி. தொட்டியை நீங்களே ஒரு நாள் சாயங்காலம் நிரப்பிவிட்டு மறுநாள் காலை போய்ப் பாருங்கள். கால்வாய்ப் பாசனத்தை ஒட்டிய காடு என்றால் தண்ணீருக்குக் கவலை இல்லை, ஆனால் சுற்றிலும் பயிர் நிற்கும், மறுபடி வேலிக்குத்தான் வர வேண்டும்.

காட்டுக்கு ஓய்வு விட வேண்டும் என்கிறார்களே, பணம் கட்டிவிட்டு எதற்குச் சும்மா போட வேண்டும்?

ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் கொழுக்கட்டைப் புல் தூரிலிருந்து ஊசி ஊசியாகக் கிளம்பும். அப்போது மாட்டை விட்டால் அது வயிறு நிறையாமல் நாள் பூராவும் நடந்து நடந்து தூரை மிதித்தே சாகடிக்கும். ஒரு மாதம், முடிந்தால் ஒன்றரை மாதம் பொறுங்கள். கொழுக்கட்டைப் புல்லின் கதிர் மயிர் மயிராகச் சாமை நிறத்துக்கு வரும்போது ஒரு கதிரை விரலால் உருவிப் பாருங்கள், விதை கையோடு வந்துவிட்டால் மண்ணிலும் கொஞ்சம் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்த வருடத்துப் புல் அதுதான்.

அதற்காகத்தான் ஒரே பெரிய காட்டைவிட நடுவில் வேலி போட்ட இரண்டு சின்னக் காடு நல்லது என்று சொல்வேன். ஒன்றில் மாடு, இன்னொன்றில் ஓய்வு. குத்தகையைப் புரட்டாசியில் தொடங்கினால் ஓய்வு விடுவது உங்கள் கையில் இருக்கும். தையில் தொடங்கினால் முந்தைய ஆள் விட்டுவைத்ததைத்தான் மேய்க்க வேண்டும்.

ரொம்பத் தேய்ந்துபோன காடு என்றால் காட்டுக்காரரிடம் பேசி, நல்ல மழை வருடத்தில் மேலாக ஓர் உழவு ஓட்டி, சோளத்தோடு கொழுக்கட்டை விதையைத் தூவச் சொல்லுங்கள். அந்த வருடம் அறுத்த விதையை உடனே போட்டால் சரியாக முளைக்காது, சில மாதம் கிடந்த விதைதான் முளைக்கும். உழவு என்பதால் இதைக் காட்டுக்காரர் செலவிலும் பெயரிலும் செய்வதுதான் முறை, மேலே சொன்ன பயம் ஞாபகம் இருக்கட்டும்.

வேலங்காய் யாருக்கு?

சின்னக் கேள்வி மாதிரி இருக்கும், கோடையில் பெரிய சண்டை இதில்தான். புல் காய்ந்து கிடக்கும் மாதங்களில் வெள்வேலங்காய் பழுத்து விழும், ஆடு மாட்டுக்கு அது பருப்புச் சோறு மாதிரி. காலையில் மரத்தடியில் காய் உதிர்ந்து கிடக்கும், ஆடுகள் படல் திறந்ததும் புல்லைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக அங்கேதான் ஓடும். சில காட்டுக்காரர்கள் காயைத் தனியாக உலுக்கி விற்பார்கள். குத்தகையில் காய் சேர்த்தியா இல்லையா என்று கேட்டு எழுதுங்கள். என்னிடம் காடு எடுத்தவர்களுக்கு நான் வைத்த ஏற்பாடு, தானாக விழுந்தது உங்களுக்கு, துரட்டி போட்டு உலுக்குவது எனக்கு. எந்தச் சாக்கிலும் மரத்தை வெட்ட மட்டும் விடுவதில்லை.

அடுத்தவர் மாட்டோடு சேர்த்து விடலாமா?

விடலாம், ஆனால் கோமாரித் தடுப்பூசி போட்ட மாடாக இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசே இலவசமாகப் போடுகிறது, காதில் 12 இலக்க எண் கொண்ட வில்லை மாட்டியிருப்பார்கள். ஒப்பந்தத்தில் அந்த எண்ணையே எழுதிக்கொள்ளுங்கள். நிறத்தை எழுதி ஏமாறாதீர்கள், காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும், ஆறு மாதத்தில் வெளுத்து வேறு கன்று மாதிரி நிற்கும். “செவலைக் கன்று ஒன்று” என்று எழுதிவிட்டு அடுத்த வருடம் அதைத் தேடிக்கொண்டு இருப்பீர்கள். சினை மாட்டோடு கருச்சிதைவு ஆன மாட்டைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

பக்கத்தில் சோளக்காடு இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. மழை இல்லாமல் வாடிய இளஞ்சோளத்தில் நஞ்சு ஏறியிருக்கும், வேலி தாண்டி ஒரு வயிறு தின்ற மாடு மருத்துவர் வருவதற்குள் விழுந்துவிடும்.

தெருநாய்?

மாட்டுக்குப் பெரிதாகத் தொல்லை இல்லை, ஆட்டுக்கு இதைவிடப் பெரிய தொல்லை இப்போது இல்லை. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் பட்டி பட்டியாக ஆடு கடிபட்டு, விவசாயிகள் செத்த ஆட்டைச் சாலையில் போட்டு மறியல் செய்தது எல்லோருக்கும் தெரியும். சாளை (காட்டுக்குள் போட்ட குடிசை) இல்லாத, இராத்திரி ஆள் படுக்காத காட்டில் ஆட்டை விட்டுவிட்டு வராதீர்கள். சாயங்காலம் ஓட்டி வந்து பட்டியில் அடைத்துவிடுங்கள்.

குத்தகை முடிந்து போகும்போது எரு யாருக்கு?

காட்டுக்குள் மாடு போட்ட சாணி காட்டுக்கு. அதை வாரி வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள், ஒருதடவை வாரினால் அடுத்த வருடம் எந்தக் காட்டுக்காரரும் படல் திறக்க மாட்டார். பட்டியிலும் கட்டுத்தறியிலும் சேர்ந்தது உங்களுடையது. எங்கள் காட்டை எடுத்த ஒரு மாமா போகிற அன்றைக்கு பட்டி எருவையும் வேலி ஓரமாகக் கொட்டிவிட்டு, “அடுத்த புரட்டாசிக்கும் நமக்குத்தானே மாப்ள?” என்று கேட்டார். வேறு யாருக்குக் கொடுப்பது.